காரைக்காலுக்குக் கொஞ்சம் அந்தாண்ட

அன்றைக்கு எனக்கு இட்ட வேலை மிகச் சுலபம். வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பாகூர் போகவேண்டும். வாயைத் திறக்காமல் உட்காரவேண்டும். திரும்பி வரவேண்டும்.

இதில் போனதையும் வந்ததையும் நான் குறைவில்லாமல் செய்தேன்.

என் அத்தை மகன் ஆறுமுகத்துக்குப் பெண் பேசப் போனோம். அவனுக்குப் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருந்தது. கணக்கு எழுதுகிற வேலை. போகவேண்டிய ஊர் ஜிபூத்தி. அடுத்த மாதம் கப்பல்.

பெண் பூங்காவனம். வில்லியனூர்த் தேருக்கு வந்தவளை இவன் பார்த்திருக்கிறான். தேர் நிலைக்கு வந்துவிட்டது, இவன் வரவில்லை. "அந்தப் பொண்ணு இல்லன்னா கப்பலும் வாணாம், வேலையும் வாணாம்" என்று கவிழ்ந்து படுத்துவிட்டான். ஊரில் எத்தனையோ பேர் ஆசைப்பட்டுக் கிடைக்காத உத்தியோகம். அத்தை பதறிப் போய்த் தரகரைப் பிடித்தாள்.

மாமாவுக்குக் கால் வீக்கம். மற்ற ஆண்கள் எல்லாம் நடவில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் வீட்டில் சும்மா கிடந்தவன் நான்தான். பூகோள வாத்தியாருக்கு விடுமுறையில் வேறு உபயோகம் என்ன? தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வண்டியில் ஏறும்போதே அத்தை ஆரம்பித்தாள்.

"தோ பாரு. அங்க வாயத் தொறந்தே, வண்டியில ஏத்தமாட்டேன். நடந்தே வூட்டுக்கு வா."

"அவங்களா எதனா கேட்டா, அத்தே?"

"கேட்டா சிரி."

"கேள்விக்குப் பதில் சொல்லாம எப்படி..."

"பல்லு இருக்குதில்ல? சிரி!"

பிறகு தாம்பாளத்தைத் தட்டிக் காட்டினாள். "சம்மதம்னா பொண்ணோட அப்பா இதுலேர்ந்து ஒரு வெத்தல எடுத்துப் போடுவாரு. மாப்ள வூட்டு வெத்தலையப் போட்டா வாக்குக் குடுத்த மாதிரி. இல்லன்னா தட்டு அப்படியே திரும்பி வந்துடும். அவரு எடுக்கற வரைக்கும் நீ இதுல கை வெக்கக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. எனக்குப் புரியாத விஷயமே உலகத்தில் கிடையாது என்பதுதான் என்னிடம் இருக்கிற கோளாறு.

வழியில் ஒரு துண்டு பிரிட்டிஷ் சீமை குறுக்கிட்டது. சுங்கச் சேவகன் வண்டியை நிறுத்தி, வெற்றிலைக்கு அடியில் புதுச்சேரிச் சாராயம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தான். இல்லை என்றதும் அவனுக்கு வருத்தம்.

"நாம இப்ப வெளிநாட்டுல இருக்கோம், தெரியுமா?" என்றேன் ஆறுமுகத்திடம்.

"ஆரம்பிச்சிட்டான்" என்றாள் அத்தை.

ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. எங்கள் நாடு பிய்த்துப் போட்ட தோசை மாதிரி. ஒரு விள்ளல் வில்லியனூர்க் கொம்யூன், ஒரு விள்ளல் பாகூர்க் கொம்யூன். நடுவில் பிரிட்டிஷ்காரன். தெற்கே போனால் காரைக்கால். மாஹி மேற்குக் கடலில், ஏனாம் கோதாவரியில், சந்திரநாகூர் வங்காளத்தில். ஆகவே பிரெஞ்சு ஊர் ஒன்றின் பெயரைக் கேள்விப்பட்டால் எங்கள் ஜனங்கள் பதற மாட்டார்கள். எங்கேயாவது இரண்டு சுங்கச் சாவடி தாண்டி இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

இதைத் தரகர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். ஜிபூத்தி எங்கே என்று பெண் வீட்டில் கேட்டதற்கு, "காரைக்காலுக்குக் கொஞ்சம் அந்தாண்ட" என்று சொல்லிவைத்திருந்தார்.

இது எனக்குத் தெரியாது.

பெண்ணின் அப்பா வீராசாமிக்கு ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார். எதிரில் தாம்பாளத்தை வைத்தேன். அவருக்குப் பக்கத்தில் அவருடைய வெற்றிலைச் செல்லம் திறந்தே கிடந்தது. பேச்சுக்குப் பேச்சு கை அதற்குள் போகும், ஒரு வெற்றிலையோடு வரும், வாய்க்குப் போகும். கண் அங்கே பார்ப்பதே இல்லை.

பூங்காவனம் வந்து காப்பி வைத்தாள், கும்பிட்டாள், உள்ளே போனாள். ஆறுமுகம் காப்பியை மூக்கால் குடிக்கப் பார்த்தான்.

வீராசாமி ஆரம்பித்தார். "ஏம்பா மாப்ளே, ஜிபூத்தியில ஏரிப் பாசனமா, கெணத்துப் பாசனமா?"

ஆறுமுகம் தரகரைப் பார்த்தான். "ரெண்டும் உண்டுங்க" என்றார் தரகர்.

நான் சிரித்தேன்.

"எத்தினி போகம்?"

"மூணு."

சிரித்தேன். தாடை வலித்தது.

"காரைக்கால் போயி, அங்கேர்ந்து மாட்டு வண்டியிலயே போயிடலாமில்ல?"

"தாராளமா! கட்டுச்சோறு கட்டிக்கினு கெளம்புனா, அது ஆறதுக்குள்ள போயிடலாம்."

பாலைவனத்தில் மூன்று போகம் விளைந்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இதை எப்படிப் பொறுப்பது?

"ஐயா, நடுவுல சமுத்திரம் இருக்குதுங்க" என்றேன்.

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"இன்னா சமுத்திரம் தம்பி?"

"இந்து மகா சமுத்திரம்."

"அதுக்கு அந்தாண்ட?"

"ஆப்பிரிக்கா."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஆப்பிரிக்கா எந்தக் கொம்யூன்?" என்றார் வீராசாமி.

"கொம்யூன் இல்லிங்க, கண்டம். பிரான்சு தேசத்தையே தூக்கி உள்ள போட்டா, அப்புறம் தேடிக்கினு இருக்கணும். அவ்ளோ பெரிசு."

தரகர் எழுந்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்" என்று வெளியே போனவர், மாட்டோடு மாடாக அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீராசாமியின் முகத்தில், கடைசி பெஞ்சு மாணவனுக்குச் சில சமயம் வருகிற அந்த ஆவல் தெரிந்தது. இருபது பிள்ளைகள் தூங்குகிற வகுப்பில் பாடம் நடத்துகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"இப்படி வெச்சிக்குங்க" என்று தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தேன்.

"டேய்!" என்றாள் அத்தை.

கேட்கிற நிலையில் நான் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு வெற்றிலையைப் போல அமைப்பான வரைபடம் எந்த அச்சாபீஸிலும் கிடைக்காது. மேலே அகலம், கீழே கூர். காம்பைக் கிள்ளிப் போட்டேன். வலது ஓரத்தில் கொம்பு மாதிரி ஒரு முனை வேண்டும். நகத்தால் செதுக்கினேன். முனைக்கு இடது பக்கம், கரையோரமாக, அவர் செல்லத்திலிருந்தே விரலால் தொட்டு, சுண்ணாம்புப் பொட்டு ஒன்று வைத்தேன்.

"இதுதான் ஜிபூத்தி."

ஒரு பாக்குத் துண்டை ஓரமாக வைத்தேன். "இது மடகாஸ்கர். இதுவும் நம்ம சர்க்கார்துதான்."

வெற்றிலையை அவருக்கு எதிரில், செல்லத்தை ஒட்டிப் பாயில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இந்த நடு நரம்பு?"

"நைல் நதின்னு வெச்சிக்குங்க. தெக்கேர்ந்து வடக்க பாயுது."

"ஆறு வடக்க பாயுதா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "குருவிநத்தத்துல போயிப் பாரு. தென்பெண்ண எந்தப் பக்கம் ஓடுது? கெழக்க! ஆறுன்னா கெழக்கதான்யா ஓடணும்!"

"அங்க சரிவு அப்படிங்க."

"சரி, அந்தத் தண்ணி ஜிபூத்திக்கு வருதா?"

"வராதுங்க. நடுவுல மலை."

"மழ?"

"பேருக்குத் தூறும்."

"சிங்கம் உண்டா?"

"அவ்வளவா இல்லிங்க."

'அவ்வளவா' என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் அம்மா, "ஐயோ, எம் பொண்ணே!" என்றாள்.

வீராசாமி கையைக் காட்டி அவளை அடக்கினார். வரலாற்றுக்கு வந்தார். "அங்க ஆளுறது யாரு?"

"நம்மள ஆளுறவங்கதான்."

"அப்ப கொம்யூனுக்குத் தலைவரா மேர் இருப்பாரு. எலெக்சன் இருக்கும்."

"எலெக்சனெல்லாம் அங்க கெடையாதுங்க."

"கெடையாதா?" முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது. "தடியடி இல்ல? ஓட்டுப்பெட்டியத் தூக்கிக்கினு ஓட மாட்டானுங்க? எங்கப்பாரு செத்து எத்தினி வருசம் ஆச்சு, இன்னும் தவறாம வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போறாரு. எனக்குத்தான் ஓட்டு இல்லன்னு தொரத்தறான். அடடா, நல்ல ஊராத்தான் இருக்குது!"

அத்தை மூச்சு விட்டாள். ஆறுமுகம் நிமிர்ந்தான். காரியம் அங்கேயே முடிந்திருக்கும்.

"வெள்ளக்காரன் ஆளாத எடம் அந்தாண்ட எங்கனா இருக்குதா?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இருக்குதுங்களே! பக்கத்துலயே அபிசீனியா. அவங்க ராஜாவே ஆளுறாரு. ஜிபூத்தியிலேர்ந்து ரயில் போவுது."

"அப்ப மாப்ள அங்க வேல வாங்கறதுதான? விட்டுட்டு, இந்தப் பொட்டக் காட்டுல ஏன் வாங்குனாரு?"

ஆறுமுகம் என்னைப் பார்த்த பார்வையில் உறவு எதுவும் இல்லை.

உள்ளே அம்மாவின் அழுகை ஓங்கியது. அதற்கு நடுவில் வேறு ஒரு குரல் கேட்டது. பூங்காவனம்.

"யம்மா, அழுவறத நிறுத்திட்டு, அவரக் கேளு. அங்க நெல்லு உண்டா?"

நேராக எனக்கே கேட்டது. "தண்ணியே இல்ல, நெல்லு எங்கேர்ந்து வரும்?" என்றேன்.

"அப்ப நெல்லு அவிக்க வேணாமா?"

"வேணாம்."

"களத்துல காய வெச்சிக் காக்கா ஓட்ட வேணாமா?"

"காக்கா உண்டு. நெல்லுதான் இல்ல."

"மாடு?"

"அங்க அதிகமும் ஒட்டகம்தான். அதோட சாணி காஞ்ச மாதிரியேதான் வுழும்."

"ஓகோ" என்றது குரல். என் பங்குக்கு நான் அந்தப் பெண்ணையும் விரட்டிவிட்டேன் என்று தெரிந்தது. அத்தை புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வீராசாமி மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். அவர் யோசித்தால் கைக்கு வேலை வந்துவிடும். கை செல்லத்தை நோக்கி நகர்ந்தது. செல்லத்துக்கு முன்னால் பாயில் கிடந்தது ஆப்பிரிக்கா.

கை ஆப்பிரிக்காவை எடுத்தது. மடகாஸ்கரை அதன் மேல் வைத்தது. மடித்தது. வாய்க்குள் போட்டது.

ஐரோப்பிய ராஜாங்கங்கள் எல்லாம் கூடி, அடித்துப் பிடித்து, பங்கு போட்டுச் சாப்பிட்ட கண்டத்தை அவர் ஒருவராகவே ஒரே வாயில் முடித்துவிட்டார்.

நன்றாக மென்றபடி அத்தையைப் பார்த்தார். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. புள்ள நல்ல புள்ளதான். ஆனா இந்த எடம் நமக்குச் சரிப்பட்டு வராது. தட்ட எடுத்துக்குங்க."

நான் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான்.

"ஐயா, நீங்க மெல்றது ஆப்பிரிக்காங்க" என்றேன்.

"இன்னா?"

கதவு படாரென்று திறந்தது. பூங்காவனம் கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"யப்பா! அது அவங்க தட்டு வெத்தலதான?"

வீராசாமியின் தாடை நின்றது. செல்லத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். துப்புவதற்கு எழப் போனார்.

"துப்பாதப்பா! மாப்ள வூட்டு வெத்தலையப் போட்டுட்டு, பொண்ணு இல்லன்னு துப்புனா, ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"தெரியாமப் போட்டுட்டேன்டி!"

"மென்னப்ப தெரியலியா? நல்லாத்தான மென்ன?"

அத்தை தலைப்பை விலக்கினாள். எங்கள் அத்தைக்குப் பூகோளம் தெரியாது, ஆனால் சமயம் தெரியும். "சம்பந்தி, வாக்குக் குடுத்துட்டீங்க. ரொம்ப சந்தோசம்" என்று எழுந்து கும்பிட்டுவிட்டாள்.

வீராசாமி நெடுநேரம் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உள்ளே போகவில்லை. ஒரு தடவை, அவிப்பதற்காக வாசலில் குவிந்து கிடந்த நெல்லைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவர் விழுங்கினார்.

"ஜிபூத்தி கொஞ்சம் காரம்" என்றார். நாக்கு வெந்திருந்தது. சுண்ணாம்பை நான் தாராளமாக வைத்துவிட்டேன்.

"அங்க வெயிலும் அப்படித்தாங்க" என்றேன். அத்தை கிள்ளினாள்.

வெளியிலிருந்து தரகர் உள்ளே வந்தார். "நான் அப்பவே சொல்லல? இது அமையும்னு!"

அம்மாவுக்குத்தான் சமாதானமாகவில்லை. "ஜாதி சனம் கேட்டா இன்னான்னு சொல்றது? சிங்கம் இருக்குற ஊர்ல பொண்ணக் குடுத்துட்டோம்னா?"

வீராசாமி மறுபடி மோட்டுவளையைப் பார்த்தார். இந்தத் தடவை செல்லத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ பூகோள வாத்தியாருதான?"

"ஆமாங்க."

"நீ சொன்னா நாலு பேரு நம்புவாங்க. கண்ணாலத்தன்னிக்குப் பந்தல் வாசல்ல நில்லு. ஜிபூத்தி எங்கன்னு கேக்கறவங்களுக்கெல்லாம், காரைக்காலுக்குக் கொஞ்சம் அந்தாண்டன்னு சொல்லு."

"ஐயா, அது பூகோளப்படி..."

ஆறுமுகம் என் காதருகே குனிந்தான். "மச்சான், சிரி."

திரும்பும்போது அத்தை சொன்ன சொல் தவறவில்லை. நான் நடந்தேதான் வந்தேன்.

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் நின்று, பன்னீர் தெளித்து, கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே சொன்னேன். மனம் உறுத்தியதால் வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கப்பல் காரைக்காலைத் தாண்டித்தான் போகிறது. 'கொஞ்சம்' என்பதற்குப் பூகோளத்தில் அளவு கிடையாது.