கரையைக் கடந்த புயல்

என் மனைவி அந்தக் குதிரையில் ஏறக்கூடாது. இந்த உறுதியான முடிவை நான் விடுதிக் குளியலறையில் எடுத்தேன். கதவைத் தாழிட்டு, குழாயையும் திறந்துவிட்டு எடுத்தேன். முடிவெடுக்கும்போது எனக்கு முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. அது வெளியே கேட்டுவிட்டால் முடிவு அங்கேயே முடிந்துவிடும்.

என் பயத்துக்குக் காரணம் என் வேலை. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறவன் நான். மாடிப்படியில் வழுக்கியவர், ஏணியிலிருந்து விழுந்தவர், சும்மா உட்கார்ந்திருந்தபோது நாற்காலி உடைந்தவர், எல்லாரும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மற்றவர்களுக்குக் கடற்கரை என்றால் காற்று, அலை. எனக்கு எலும்பு முறிவு. உலகத்தையே நான் எக்ஸ்ரேயில்தான் பார்க்கிறேன்.

மனைவி பல் மருத்துவர். நடுங்குகிறவர்களை நாற்காலியில் சாய்த்து, "ஒண்ணும் இல்லை, வாயைத் திறங்க" என்று தினமும் சொல்லிச் சொல்லி, பயம் என்பதே மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைத்துவிட்டாள். அவள் முன்னால் ஊரே வாயைத் திறக்கும். நான் மட்டும்தான் திறப்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குதிரை மேல் சுற்றுவாள். நான் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். வேலி போட்ட மைதானம். கூப்பிடு தூரத்தில் பயிற்சியாளர். அதை எப்படியோ சகித்துக்கொண்டேன்.

விடுமுறைக்கு இந்தக் கடலோர ஊரை அவள் ஏன் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தாள் என்பது வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. "மணல் ரொம்ப நல்லா இருக்குமாம்" என்று சொல்லியிருந்தாள். காலாற நடப்பதற்கு என்று நினைத்தேன். காலாற என்பது சரிதான். கால்தான் குதிரையுடையது.

"வழிகாட்டியோட போறதுங்க. நாலஞ்சு பேர்தான். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்."

"தெரியாதவங்களை ஏன் சேர்க்க மாட்டாங்களாம்?"

"விழுந்துடுவாங்கன்னுதான்."

"தெரிஞ்சவங்க விழ மாட்டாங்களா?"

"விழுவாங்க. ஆனா எப்படி விழணும்னு அவங்களுக்குத் தெரியும்."

இந்தப் பதிலில் ஆறுதல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினேன். கிடைக்கவில்லை.

"எது வரைக்கும் போவீங்க?"

"அதோ, அந்தப் பாறை முனையைச் சுத்தி அந்தப் பக்கம் வரைக்கும். நடுவுல ஆத்து முகத்துவாரத்தைக் கடக்கணும்."

"பாலம் இருக்கா?"

"குதிரை இருக்கு."

"நடந்து போகுமா, ஓடுமா?"

"முகத்துவாரம் தாண்டினதும் நாலுகால் பாய்ச்சல். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது. நீங்க பேசாம ரூம்ல படுத்துக்கிட்டு பேப்பர் படிங்க."

"பேப்பர்லதான் இதெல்லாம் வரும்" என்றேன். அவள் பூட்ஸைத் துடைக்கப் போய்விட்டாள். நான் குளியலறைக்குப் போனேன்.

தடுத்தால் நிற்கிற ஆள் இல்லை அவள். கெஞ்சினால் சிரிப்பாள். காலைப் பிடித்தால், பிடித்த கையோடு பூட்ஸை மாட்டிவிடச் சொல்வாள். ஆகவே அவளை விட்டுவிட்டு, குதிரையைப் பிடித்தேன். விடுதித் தோட்டத்துக்குப் போய், துணி காயப் போட்டிருந்த கொடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சவாரிக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு ஒரு பல் டாக்டர் வர்றாங்க இல்ல, அவங்க வீட்டுக்காரர் பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"அவங்க தன்னைப் பத்திக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாங்க. நிஜத்துல இப்பத்தான் கத்துக்கறாங்க. உங்ககிட்ட சாதுவா, வயசான குதிரை ஏதாவது இருக்குமா?"

"இருக்கு சார். பேரு புயல்."

எனக்குக் கொடித் துணியெல்லாம் சுற்றியது.

"பயப்படாதீங்க. பேரு வெச்சப்போ புயல். இப்ப கரையைக் கடந்தாச்சு. வெறும் தூறல்தான்."

நானே தேடினாலும் இப்படி ஒரு குதிரை அமைந்திருக்காது. பெயரைக் கேட்டால் என் மனைவி பூரித்துப்போவாள். மேலே உட்கார்ந்தால் நத்தை முந்தும். "இதை அவங்ககிட்ட சொல்ல வேணாம்" என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். கல்யாணமானதிலிருந்து நான் போட்ட திட்டங்களிலேயே இதுதான் முழுதாக முளைத்து நின்ற முதல் திட்டம்.

காலையில் நானும் லாயத்துக்குப் போனேன். கடலைப் பார்த்த மரக் கொட்டகை. ஈர வைக்கோல் வாசனை. வழிகாட்டி அம்மா கட்டைக் குரல், கட்டை முடி, வெயிலில் வெந்த முகம். அவருடைய கணவர் ஒல்லியாக, ஒரு வாளியோடு நின்றிருந்தார். சவாரிக்கு வந்த மற்றவர்களில் ஒரு வங்கி மேலாளர் இருந்தார். காலில் புத்தம்புது பூட்ஸ், வாயில் பழைய வீரக்கதைகள். அவருக்கு ஒரு செம்பழுப்புக் குதிரை. அதன் பக்கத்தில் அச்சாக அதே மாதிரி இன்னொன்று, துடித்துக்கொண்டு நின்றது.

"ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க" என்றார் வழிகாட்டி. "கொஞ்சம் தள்ளி நின்னா எங்களுக்கே அடையாளம் தெரியாது." பிறகு என் மனைவியிடம், "மேடம், உங்களுக்குப் புயல்" என்றார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. புயலைக் கொண்டுவந்தார்கள். சாம்பல் நிறம், கனிந்த கண். வந்து நின்றதும் பெருமூச்சு விட்டது. அவள் அதன் கழுத்தைத் தடவினாள். நெற்றியைத் தடவினாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் என் திட்டத்தில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கே புரிந்தது. என் மனைவியின் கை எங்கே போனாலும் கடைசியில் வாய்க்குத்தான் போகும்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்காகத் தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

"முன்பல்லெல்லாம் நீண்டு சாய்ஞ்சுடுச்சு. தேய்மானம் அடி வரைக்கும் போயிருக்கு. இவர் பென்ஷன் வாங்கிட்டு இருக்க வேண்டியவராச்சே" என்றாள்.

வழிகாட்டி என்னைப் பார்த்தார். என் மனைவி வழிகாட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். கடலில் பார்க்க நிறைய இருந்தது.

கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் புன்னகை செய்தாள். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு நோயாளியிடம் புன்னகைப்பாளே, அதே புன்னகை.

"இவர் போன் பண்ணாரா?" என்று வழிகாட்டியிடம் கேட்டாள்.

"அது வந்து, மேடம்..."

"எனக்குன்னு சொல்லிக் கேட்டிருப்பார். அவருக்குத்தான் வேணும். ரொம்ப நாள் ஆசை, வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். எங்க க்ளினிக்குக்குப் போன் பண்றவங்களும் இப்படித்தான் பேசுவாங்க. 'என் சிநேகிதருக்குப் பல்வலி'ம்பாங்க. கன்னம் வீங்கியிருக்கறது இவங்களுக்கு."

வழிகாட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நானும் அப்பவே நினைச்சேன். குரலே நடுங்குச்சு" என்றார்.

"எனக்கு வேணாம்" என்றேன்.

"அப்போ யாருக்காகக் கேட்டீங்க?" என்றாள் மனைவி, மெதுவாக, அன்பாக.

யோசித்துப் பார்த்தேன். 'உனக்காகத்தான்' என்றால், அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று ஊரார் முன்னால் சொன்னதாகும். அதற்குக் குதிரை உதையே மேல். 'எனக்காகத்தான்' என்றால் ஏற வேண்டும்.

"எனக்காகத்தான்" என்றேன்.

என்னைத் தூக்கி வைத்தார்கள். குதிரை கீழிருந்து பார்ப்பதைவிட மேலிருந்து பார்த்தால் மிகவும் உயரம். "சார் எங்களோட வர முடியாது. எங்க வீட்டுக்காரர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு கரையோரமா முகத்துவாரம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வருவார்" என்றார் வழிகாட்டி. அவர் கணவர் வாளியை வைத்துவிட்டுக் கயிற்றை எடுத்தார். என் மனைவி துடித்துக்கொண்டிருந்த அந்தச் செம்பழுப்பின் மேல் தாவி ஏறினாள். கையை ஆட்டினாள். குழு கிளம்பியது.

நாங்கள் இரண்டு கணவர்களும் பின்னால் போனோம். ஒருவர் நடந்தார், ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேறு வித்தியாசம் இல்லை.

"உங்களுக்குப் பயமா இல்லையா, தினமும் உங்க வீட்டம்மாவை இப்படி அனுப்பறதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல இருந்துச்சு சார். வேணாம்னு சொல்லிப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"கயித்தைக் கையில குடுத்துட்டாங்க."

முகத்துவாரத்தில் நின்றோம். தண்ணீர் இறங்கி, அகலமாக, ஆழமில்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கரையில் குழு சின்னதாகத் தெரிந்தது. பிறகு பாய்ச்சல் தொடங்கியது. மணல் பறந்தது. அவள் முன்னால் குனிந்து, முடி பின்னால் பறக்க, எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள். நல்லா ஓட்டறா என்று எனக்கே தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பாறை முனை திரும்பி மறைந்தார்கள்.

மறைந்த பிறகு நேரம் நகரவில்லை. காற்று இரைந்தது. ஒவ்வொரு இரைச்சலும் அலறலாகக் கேட்டது. அலுவலகத்தில் நான் பார்த்த எக்ஸ்ரே ஒவ்வொன்றாக மனசுக்குள் வரத் தொடங்கியது. தோள்பட்டை. இடுப்பு. கழுத்து. கழுத்துக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொண்டேன்.

அப்போது பாறை முனையைச் சுற்றி ஒரு குதிரை வந்தது. தனியாக வந்தது. செம்பழுப்பு. சேணம் காலி.

"யாரோட குதிரை அது?" என்றேன்.

கயிறு பிடித்தவர் கண்ணைச் சுருக்கினார். "தெரியலையே சார். ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும்."

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அவள் பெயரைக் கத்தினேன். காலால் உதைத்தேன். கயிறு அவர் கையைவிட்டுப் போனது. பென்ஷன் வாங்க வேண்டிய அந்தப் பிராணிக்கு என்ன புரிந்ததோ, காதை நிமிர்த்தியது. ஒரு தடவை கனைத்தது. கரையைக் கடந்த புயல் திரும்பிக் கிளம்பியது.

தண்ணீருக்குள் இறங்கினோம். முகத்தில் அடித்தது தெறித்த தண்ணீரா கண்ணீரா தெரியவில்லை. கடிவாளத்தை விட்டுவிட்டேன், பிடரியைப் பிடித்தேன், பிறகு கழுத்தையே கட்டிக்கொண்டேன். பின்னால் அவர், "சார், முதுகை நிமிர்த்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவள் மணலில் கிடப்பாள், நான் என்ன செய்வேன், யாரைக் கூப்பிடுவேன். இது மட்டும்தான் ஓடியது மனசில். அவள் இல்லாத வீடு ஒன்று கண்ணெதிரே வந்து, சத்தமில்லாமல் நின்றது.

அந்தக் கரை ஏறினோம். எதிரே இன்னொரு செம்பழுப்பு பாய்ந்து வந்தது. அதன் மேல் என் மனைவி. ஓடிப்போன குதிரையைப் பிடிக்கத் துரத்தி வந்திருக்கிறாள். விழுந்தவர் வங்கி மேலாளர். விழுந்தது மெத்தென்ற மணல். பூட்ஸ்கூடக் கசங்கவில்லையாம்.

அவளைப் பார்த்ததும் புயல் நின்றது. நான் நிற்கவில்லை. கழுத்து வழியாகப் போய் ஈர மணலில் உட்கார்ந்தேன்.

அவள் குதித்து இறங்கி ஓடிவந்தாள். மண்டியிட்டு என் முகத்தைப் பிடித்தாள். "வாயைத் திறங்க" என்றாள். திறந்தேன். ஒரு விரலால் பல்லையெல்லாம் தொட்டுப் பார்த்தாள். முடித்ததும் மறுபடி முதல் பல்லிலிருந்து ஆரம்பித்தாள். இத்தனை வருஷத்தில் எந்த வாயையும் அவள் இரண்டு தடவை பார்த்ததில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

வாயில் விரல் இருந்ததால் பதில் சொல்லவில்லை. அவள் விரலை எடுத்துவிட்டு, என் தலையில் ஒட்டியிருந்த மணலைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் விடுதி அறையில் குப்புறப் படுத்திருந்தேன். வேறு எந்த மாதிரியும் படுக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்புக்குத் தைலம் தேய்த்தாள். பேசுவதற்கு இதைவிட நல்ல சமயம் வராது என்று தலையணைக்குள்ளிருந்து ஆரம்பித்தேன்.

"பார்த்தியா, நல்லா ஓட்டத் தெரிஞ்சவர்னு வந்தவரே விழுந்துட்டார்."

"ஆமாங்க."

"நாளைக்கும் போறதா இருந்தாரே?"

"இனிமே குதிரைப் பக்கமே வர மாட்டேன்னுட்டார்."

"புத்திசாலி."

"அதனால ஒரு இடம் காலி. நான் உங்களைச் சொல்லிட்டேன்."

தலையணையிலிருந்து முகத்தை எடுத்தேன். "தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு சொன்னியே."

"முகத்துவாரத்தைக் கடந்திருக்கீங்க. பாய்ச்சல்ல வந்திருக்கீங்க. அதுவும் கடிவாளத்தைத் தொடாம. இப்படி ஒருத்தரை அந்தம்மா பார்த்ததே இல்லையாம்."

"புயல்னா மெதுவா, ஒரு ஓரமா வேணா வர்றேன்" என்றேன். தோற்பதென்று ஆன பிறகு சாதுவாகத் தோற்றுவிடுவது என் வழக்கம்.

"புயலுக்கு நாளைக்கு ஓய்வு. உங்க வேகம் அதுக்குத் தாங்காதாம். வேற குதிரை சொல்லியிருக்கேன்."

"அதுக்கு என்ன பேரு?"

"இன்னும் வைக்கலையாம்" என்றாள், தைலத்தை மூடிக்கொண்டே. "பேர் வைக்கற அளவுக்கு யாரும் அது மேல உட்கார்ந்திருந்ததில்லையாம்."