நோட்டு யார் கையில்

எழுபத்தெட்டாம் வருஷக் கார்த்திகை தீபத்துக்கு மைத்துனர் குடும்பத்தைத் தங்க விடுவதில்லை என்று அப்பாதுரை புரட்டாசியிலேயே முடிவெடுத்துவிட்டார். போன வருஷம் ஒன்பது உருப்படி, பத்து நாள். குளிக்கவே டோக்கன் கொடுக்க வேண்டியிருந்தது.

வாய் திறந்து சொல்ல முடியுமா? மனைவி வேதாவின் அண்ணன் ஆயிற்றே. ஆகவே பந்தயம் கட்டினார். கீழ்பென்னாத்தூரில் இருந்த அந்த மைத்துனர் ஆதிமூலத்தோடு தபாலில் ஆடுபுலி ஆட்டம். இவருக்கு மூன்று புலி, அவருக்குப் பதினைந்து ஆடு. புலி ஜெயித்தால் மைத்துனர் தீபம் பார்த்த கையோடு பஸ் ஏற வேண்டும். ஆடு ஜெயித்தால் பத்து நாளும் இங்கேதான்.

முதல் வாரமே தகராறு. பதில் வரவில்லையே என்று ஆதிமூலம் இன்னொரு கார்டு போட்டார். அதே நாளில் இவர் கார்டும் கிளம்பியிருந்தது. புலி போய் உட்கார்ந்த புள்ளியிலேயே அவர் ஆட்டையும் வைத்திருந்தார். இருந்தது யார், செத்தது யார்? திட்டிக்கொள்ளவே நாலு கார்டு செலவாயிற்று.

அப்பாதுரை தாலுகா ஆபீஸ் மூளையைக் கசக்கிச் சட்டம் எழுதினார். இனி ஒரே நோட்டு. பஸ் கண்டக்டர் தருமன் மூலம் போகும், வரும். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவரே ஆடலாம். ஆடிய புள்ளியின் எண்ணை எழுதினால் போதும்.

"இனிமே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடவே முடியாது பாரு."

"நல்ல ஏற்பாடுங்க," என்றாள் வேதா. "மார்க்கெட்டுக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல நானே குடுத்து வாங்கிக்கினு வரேன்."

அப்புறம் தகராறே இல்லை. ஆடுகளுக்குத்தான் எங்கிருந்தோ புத்தி வந்துவிட்டது. ஐப்பசிக்குள் இரண்டு புலி அடைபட்டது. தீபத் திருவிழாக் கொடியேற்றத்தன்று மூன்றாவதும்.

அப்பாதுரை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

"தருமா, எங்க மச்சானுக்கு ஆட யாருப்பா சொல்லித் தரது?"

"என்னா ஆட்டங்க?"

"நீ தெனம் கொண்டுபோறியே, அந்த நோட்டுல."

"ஒரே ஒரு வாட்டிதாங்க கொண்டுபோனேன். அதுக்கப்புறம் அம்மா குடுக்கவே இல்லியே."

அப்பாதுரை அதே ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். வேதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நோட்டு ஊருக்கே போகலியாமே."

"போகலீங்க."

"அப்ப ஆடினது யாரு?"

"நான்தான். யார் கையில நோட்டோ அவங்க ஆடலாம்னு எழுதினது நீங்கதானே? என் கையிலதான் இருந்துச்சு."

"உங்கண்ணன் சும்மாவா இருந்தாரு?"

"நோட்டு கையில இல்லாதவரு எப்பிடிங்க ஆடுவாரு?"

அவர் சட்டத்தை எடுத்து இரண்டு தரம் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒரு ஓட்டை கிடையாது.

"சரி, ஒன்பது பேரும் எப்ப வராங்க?"

"பதினோரு மணி பஸ்ல. ஒன்பது இல்லீங்க, அண்ணி வீட்டுல இருந்தும் நாலு பேர் சேர்ந்துக்கிட்டாங்க."