அரிவாளுக்குத் தெரியாத ஆசிட்

படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு எப்போதும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். என்னிடம் அப்போது ஒரு மணி நேரத்துக்கு விளக்கம் இருந்தது. அதனால்தான் என் தாய்மாமனின் முதுகு வெந்தது.

மாமாவுக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். பழம் வைக்கும் குளிர் அறைக்குக் கரண்ட் போதவில்லை. நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு புதுவகை பேட்டரியை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சோலார் கரண்டை இரண்டு பெரிய தொட்டிகளில் உள்ள திரவத்தில் சேமித்து, வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். முதல் சோதனை மாமா தோட்டத்தில்தான் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். (வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். என்னைக் கேட்காமல் சூரியன் உதிக்காது என்ற நினைப்பு.)

திரவம் நல்ல நீலம். வனேடியம் என்ற உலோகத்தைக் கந்தக அமிலத்தில் கரைத்தது. தொட்டிக்குப் போக மிஞ்சியதைக் கேன்களில் மோட்டார் ரூமில் வைத்திருந்தேன். கேன் மேல் மண்டையோட்டுப் படம் போட்ட லேபிள். அதைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்த பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம் என்றார்கள். இதற்கெல்லாமா பயப்படுவது என்று லேபிள்களை உரித்துப் போட்டேன். “நம்ம கொடிக்கு அடிக்கிற துத்தத் தண்ணி மாதிரிதான்” என்று தைரியம் வேறு சொன்னேன்.

கவாத்து முடிந்து கொடி துளிர்விட்ட நேரம். செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிக்க வேண்டும். முந்தின நாள் ஊறப்போட்ட துத்தக் கேனும் அதே ரூமில், அதே நீலத்தில் இருந்தது. நான் ஒரு வாஷர் வாங்கச் சின்னமனூர் போயிருந்தபோது, மாமா என் கேனை எடுத்துச் சுண்ணாம்புப் பாலில் கலந்துவிட்டார்.

அங்கே இதற்கு ஒரு பரிசோதனை உண்டு. கலந்த மருந்தில் அரிவாளை முக்கி எடுப்பார்கள். இரும்பில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது, படியாவிட்டால் அடிக்கலாம். என் திரவத்தில் செம்பே கிடையாது. அந்தச் சுண்ணாம்புக்கு அடங்காத அமிலத்தில் அரிவாள் துரு நீங்கிப் பளபளத்ததாம். மாமா திருப்தியாக மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டார். அது கசிகிற டேங்க்.

நான் திரும்பி வந்தபோது துளிரெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. மாமா கிணற்றடியில் குப்புறப் படுத்திருந்தார். அத்தை அவர் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எரியுதுன்னு சொன்னாக. வேர்வையா இருக்கும், அடிச்சு முடிங்கன்னு நான்தான் சொன்னேன்” என்றாள் அத்தை.

“அருவாள முக்கிப் பாத்துத்தான் அடிச்சேன் மாப்ள” என்றார் மாமா, தப்பு தன்னுடையது போல.

ஆஸ்பத்திரியில் மேலே பட்டது என்ன என்று டாக்டர் கேட்டார். நான் வனேடியத்தில் தொடங்கி, அது கரண்டைப் பிடித்து வைக்கும் விதம் வரை விளக்கினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “ஆசிட்டா, இல்லையா?” என்றார். ஆசிட்தான் என்று அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

அந்தப் போகம் போயிற்று. நான்கு வரிசைக் கொடி மறுபடி துளிர்க்கவே இல்லை. கம்பெனி தொட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனது.

இன்றும் எந்த விசேஷ வீட்டிலும், “கொடிக்குக் கரண்ட் குடுத்த மாப்ள” என்றுதான் மாமா என்னை அறிமுகப்படுத்துகிறார். பந்தியே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் கூசிப் போகும். சட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய கோயில் என்றால் மட்டும், “நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கிறேன்” என்று மாமா வெளியே நின்றுவிடுவார். செருப்புக்குக் காவல் இப்போது நாங்கள் இரண்டு பேர்.