வால் அண்ணையும் நொத்தாரிசின் பொய்மானும்

தொண்ணூறுகளில் பலேர்மோ நகரத்தில் அதிகம் பயப்படுபவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால் வால் அண்ணைதான் முதற்பரிசை வென்றிருப்பார். ஆனால் மேடையேறி அதை வாங்கப் பயந்து வீட்டிலேயே இருந்திருப்பார்.

அவர் பயப்படாத பொருள் அந்த ஊரில் இருக்கவில்லை. லிஃப்டுக்குப் பயம். ஸ்கூட்டருக்குப் பயம். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று வேலைக்குப் போகும் வழியில் சந்தேகம் வந்து, பாதியில் இறங்கித் திரும்பி வருவார். பார்த்துவிட்டுப் போகும்போது கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் வரும். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். வரிசையில் நிற்கும்போது ஒதுங்கப் போனால் அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

கால்சா என்ற பழைய பகுதியில், கடற்கரைக்குப் போகும் சந்தொன்றில், சுண்ணாம்பு உதிர்ந்த பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். ஊரில் அவர் மன்னார்; நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம். நான் ஒரு டாக்டர் வீட்டில் துப்புரவு வேலை செய்தேன். அவர், உறுதிப்பத்திரம் எழுதிப் பென்ஷன் எடுத்த ஒரு நொத்தாரிசின் வீட்டில் சமையல், தோட்டம், நாய், எல்லாம். அதோடு ஒரு மானும்.

நொத்தாரிசுக்கு மலைப்பக்கம் வேலியடைத்த சொந்தக் காடு இருந்தது. அதில் அவரே கொண்டுவந்து விட்ட புள்ளிபோட்ட மான்கள் பெருகியிருந்தன. துப்பாக்கியால் சுடுவது நாகரிகமில்லை என்று சொல்லி, வயதான காலத்தில் வில் பழகினார் மனிதர். வில்லுக்கு மான் மிகக் கிட்ட வரவேண்டும். கிட்ட வரவழைக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டைமானை வாங்கினார். கொம்பன் மான்கள் துணை தேடி அலையும் ஐப்பசி மாதத்து ஞாயிறுகளில் இந்தப் பொய்மானைக் காட்டில் நிறுத்திவிட்டு, மரத்தின் மேல் வில்லோடு காத்திருப்பது அவருடைய திட்டம்.

ஆனால் அசையாமல் நிற்கும் மானை எந்தக் கொம்பனும் நம்பாது. அந்த இன மானுக்கு வால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே பொய்மானின் வாலில் தூண்டில் நரம்பு கட்டி, ஒரு பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அதை இழுக்க ஆள் வேண்டியிருந்தது. இப்படித்தான் அவர் வால் அண்ணை ஆனார். விஷயம் தெரியாதவர்கள் அவரைப் பெரிய குறும்புக்காரர் என்று நினைத்தார்கள். அவர் மறுத்துச் சொல்லவும் பயந்தார்.

"மாட்டன் எண்டு சொல்லுங்கோவன் அண்ணை" என்றேன் ஒருநாள்.

"எப்பிடித் தம்பி சொல்லுறது? வேலை தாற சிஞ்ஞோர் கடுதாசியிலை கையெழுத்து வைச்சால்தான் மனுசியும் பிள்ளையளும் இஞ்சை வரலாம். வால் இழுக்க மாட்டன் எண்டு சொல்லி, அந்தாள் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டால்?"

அதற்குப் பிறகு நான் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அவருடைய மனைவி இரண்டு பெண்பிள்ளைகளோடு மடு மாதா கோவில் முகாமில் அகதியாக இருந்தார். அங்கிருந்து கடிதம் வராத வாரங்களில் அண்ணை சாப்பாட்டைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பொய்மான் எங்கள் அறைக்குக் குடிவந்ததுதான் அடுத்த சோதனை. நொத்தாரிசு வீட்டு நாய் அதன் காதைக் கடித்துவிட்டது. அவருடைய மனைவி சிஞ்ஞோரா அதை வீட்டில் வைக்கக் கூடாதென்றுவிட்டார். அண்ணை அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் கட்டிலுக்கும் தன் கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தினார். மனித வாசம் பட்டால் மான்கள் கிட்ட வராதென்பதால், ரப்பர் கையுறை போட்டுத்தான் அதைத் தொடுவார். எங்கள் அறையிலோ மீன்குழம்பு வாசம். அதற்கும் அவருக்குப் பயம்.

"தம்பி, சனிக்கிழமையிலை வெங்காயம் வதக்காதையும். மான் மணந்து பிடிச்சிடும்."

"மானுக்கு யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வாசம் தெரியுமே அண்ணை?"

"தெரியாததாலைதானே பயப்பிடும்."

கடைசியில் காற்றாட அதைப் பல்கனியில் நிறுத்தினார். கீழ்வீட்டுக் கிழவி அண்ணாந்து பார்த்தாள். வெளிநாட்டார் ஒரு மானைப் பிடித்து வந்து தின்னப்போகிறார்கள் என்று அவளே முடிவு செய்து போன் பண்ணிவிட்டாள்.

இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து, மானை அறைக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். என் பெர்மெஸ்ஸோ காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த துண்டும் எங்கேயோ தவறிப்போயிருந்தது. அண்ணையின் பெர்மெஸ்ஸோ சரியாக இருந்தது. ஆனாலும் நடுங்கியது அவர்தான். இளைய பொலிஸ்காரர் மானின் நெற்றியில் விரலால் தட்டினார். தலை கழன்று விழுந்து, உருண்டு என் கட்டிலுக்குக் கீழே போனது. அண்ணை சிலுவை அடையாளம் போட்டார்.

மூத்தவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "இந்த மானுக்கு பெர்மெஸ்ஸோ இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நாளைக்கே விண்ணப்பிக்கிறோம் சிஞ்ஞோரே" என்றார் அண்ணை. உண்மையாகவே சொன்னார்.

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்களே தவிர, என்னுடைய பெர்மெஸ்ஸோவைக் கேட்கவில்லை. அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. அண்ணை கட்டிலுக்குக் கீழே குனிந்து தலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பாடுபட்டும் அந்தப் பருவத்தில் ஒரு மானும் வரவில்லை. நொத்தாரிசு பொய்மானைத் திட்டினார், காற்றைத் திட்டினார், வெளிநாட்டுக் கம்பனியைத் திட்டினார். காரணம் எனக்கு மட்டும் தெரியும். வேலிக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கிக்காரர்கள் முயலும் பன்றியும் தேடி அலைவார்கள். வேலியிலும் ஓட்டைகள். மானைத் தோளில் தூக்கிக்கொண்டு பற்றைக்குள்ளால் நடப்பவரைத் தூரத்திலிருந்து பார்த்தால், மான் நடப்பதாகத்தான் தெரியும். ஆகவே அண்ணை மானுக்குச் சிவப்புச் சேலைத் துணி ஒன்றைச் சுற்றுவார். அது போதாதென்று, மலையேறும் வழியெல்லாம் மாதா பிரார்த்தனையை உரத்த குரலில் பாடிக்கொண்டே போவார். மலையிலிருந்த மான்களெல்லாம் அடுத்த மலைக்குப் போயிருக்கும். சிஞ்ஞோர் விடியமுன்னமே போய் மேலே மரத்தில் ஏறிவிடுவார்; அண்ணை கிட்டப் போனதும் பாட்டை நிறுத்திவிடுவதால் அவருக்கு அது கேட்காது.

ஒரு ஞாயிறு என்னையும் வரச்சொன்னார்.

"தனியப் போகப் பயமாக்கிடக்கு. நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' எண்டு மட்டும் சொன்னால் காணும்."

போனேன். அவர் முன்னால் மானோடு பாட, நான் பின்னால் அதன் தலையைப் பையில் சுமந்தபடி பதில் சொல்லிக்கொண்டு ஏறினேன். கொம்பன் வரும்போது அதன் விலாப்பக்கம் சிஞ்ஞோருக்குத் தெரியும்படி பெட்டையைக் குறுக்காக நிறுத்தினோம். தலையைப் பூட்டி, துணியைக் கழற்றி, பாறைக்குப் பின்னால் படுத்தோம். அண்ணை நரம்பைப் பிடித்தார்.

அன்றைக்கென்று ஒரு கொம்பன் வந்தது.

முதலில் பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தம். பிறகு அகன்ற கொம்புகள் பற்றைக்கு மேலே தெரிந்தன. பெரிய மிருகம். அண்ணையின் கை நடுங்கத் தொடங்கியது. நரம்பு வழியாக அந்த நடுக்கம் வாலுக்குப் போனது. பொய்மானின் வால், மழையில் காரின் வைப்பர் அடிப்பதுபோல அடித்தது. அப்படி ஒரு வாலை அந்தக் கொம்பன் தன் வாழ்நாளில் கண்டிருக்காது. மயங்கியதுபோல நேரே வந்தது.

"நிப்பாட்டுங்கோ அண்ணை" என்று கிசுகிசுத்தேன்.

"நான் ஆட்டேல்லைத் தம்பி. அது தானாய் ஆடுது."

வேலிக்கு வெளியே துப்பாக்கி வெடித்தது. கொம்பன் துள்ளிப் பாய்ந்து, பொய்மானை இடித்துச் சாய்த்துவிட்டு மறைந்தது. அதே கணம் சிஞ்ஞோர் இருந்த பக்கத்தில் கிளை முறியும் சத்தம். பிறகு ஏதோ கனமாக விழுந்து உருண்டது.

கூப்பிட்டோம். பதில் இல்லை. மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. சிறிது நேரத்தில் என் கையே எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மறுபடியும் வெடிச்சத்தம், இம்முறை கிட்ட. எழும்பி நடந்தால் சுடுவார்கள் என்று நான் சொன்னேன். உண்மையில் எழும்பப் பயந்தது நான்தான்.

அண்ணை அழுவதுபோலக் கதைத்தார்.

"அந்தாளுக்கு ஏதும் நடந்தால் என்ரை பிள்ளையள் வர ஏலாது." பிறகு சற்றுப் பொறுத்து, "அது கிடக்கட்டும். வயசு போன மனுசன். குளிருக்கை கிடக்கிறார்" என்றார்.

எழும்பிவிட்டார். சிவப்புத் துணியை எடுத்துப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தார். பெரிய பாதியை என்மேல் போர்த்தினார். ஓரத்துக் கிழிசலைத் தன் தலையில் கட்டிக்கொண்டார். தொண்டை கிழியப் பிரார்த்தனையைத் தொடங்கினார். வழக்கமாகப் பாடும் ராகம் எல்லாம் போய், அது ஒரு கத்தலாக இருந்தது. நான் பதில் சொல்லிக்கொண்டு அவருடைய சட்டையின் நுனியைப் பிடித்தபடி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெடியை எதிர்பார்த்தேன்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, நான் பதில் சொல்ல முன்னரே பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல் பதில் சொன்னது.

"ஓரா ப்ரோ நோபிஸ்."

'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற அதே பதில், கோவிலின் பழைய மொழியில். எங்கள் மொழி தெரியாவிட்டாலும், அழைப்பும் பதிலுமாக வரும் அந்தப் பிரார்த்தனை சிஞ்ஞோருக்குத் தெரிந்திருந்தது. மரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து, மூச்சுத் திணறிக் கிடந்தார். கூப்பிட்டது கேட்டதாம், பதில் சொல்லத்தான் குரல் வரவில்லையாம். நாங்கள் பாடப்பாட அவர் மெல்லப் பதில் சொன்னார். அந்தச் சத்தத்தைப் பிடித்துப் பிடித்தே இறங்கினோம்.

முறிந்த காலுக்குக் கட்டுப்போட எதுவும் இல்லை. அண்ணை திரும்பிப் போய், பொய்மானின் பின்னங்கால்கள் இரண்டையும் கழற்றி வந்தார். முறிந்த காலின் இருபுறமும் அவற்றை வைத்து, வால் நரம்பால் கட்டினார். கட்டும்போது அவர் கை நடுங்கவேயில்லை. அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.

மாறிமாறி முதுகில் சுமந்தோம். பாதி வழியில் சிஞ்ஞோர் அண்ணையின் காதருகே கேட்டார்.

"ஒவ்வொரு ஞாயிறும் இப்படிப் பாடிக்கொண்டுதான் என் மலையில் ஏறினாயா?"

அண்ணை நின்றுவிட்டார். போச்சு, கையெழுத்தும் போச்சு என்று நினைத்தேன்.

"ஓம் சிஞ்ஞோரே" என்றார் அண்ணை. பதற்றத்தில் தமிழிலேயே சொன்னார்.

துப்பாக்கிச் சத்தம் ஒன்று எங்கேயோ கேட்டது.

"ஏன் நிறுத்திவிட்டாய்? பாடு" என்றார் சிஞ்ஞோர்.

ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கிய தாதி, நொத்தாரிசின் காலோடு இரண்டு குளம்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள். அதற்குப் பிறகு சிஞ்ஞோர் வில்லைத் தொடவில்லை. கையெழுத்தும் வைத்தார். அடுத்த ஆண்டு அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். ரயில் நிற்கும்வரை, அவர்கள் ஏறியது வேறு ரயிலாக இருக்குமோ என்று என்னைக் கேட்டுக்கொண்டே நின்றார் அவர்.

நான் கனடாவுக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணை இன்னும் பலேர்மோவில்தான். டி.வி.யில் கனடா என்ற பெயரோடு பனிப்புயலின் படம் வந்தால் போதும், எனக்குப் போன் வரும்.

"தம்பி, இண்டைக்கு வெளியிலை போகாதையும்."

புயல் அடிப்பது வேறெங்கோ, என் ஊரில் நல்ல வெயில் என்று நான் சொல்வதில்லை. "இல்லை அண்ணை, போகேல்லை" என்று சொல்லிவிட்டு, மாட்டிய சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுவேன்.