ஏழு மீட்டர் கூடுதல் சிறப்பு

மனித குலம் இதுவரை கண்ட அறிவுத் துறைகளில் தலையாயது எங்கள் கம்பெனியின் ஒப்பீட்டுக் குழு. வானியலிலும் மருத்துவத்திலும் அவ்வப்போது தவறு நேர்வதுண்டு. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எங்கள் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய மாடலையும் புதிய மாடலையும் பாரபட்சமின்றி ஒப்பிட்டு, புதியதே சிறந்தது என்று அறிவிப்பது குழுவின் பணி. மொத்தம் ஐந்து பேர். ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது என்பதால் பாரபட்சத்துக்கு இடமே இல்லை. நான் செயலாளர்.

முடிவுரையை முதல் கூட்டத்திலேயே எழுதிவிட்டோம். சோதனைதான் பாக்கி. அதற்கான டெஸ்ட் டிரைவர் என் மனைவியின் தம்பி. நான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன்.

புதிய காரில் இன்ஜின் சத்தம் போதவில்லை. அதனால் ‘உறுமல்’ ஸ்பீக்கர் வழியாக வருகிறது. எடை முந்நூறு கிலோ கூடியிருந்தது. அதைக் ‘கம்பீரம்’ என்று பதிவு செய்தோம்.

பிரேக்கில்தான் வந்தது வம்பு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் போட்டால் பழைய கார் முப்பத்து நான்கு மீட்டரில் நின்றது. புதியது நாற்பத்தோரு மீட்டரில். எங்கள் மதிப்பெண் படிவத்திலோ பெரிய எண்ணுக்குத்தான் அதிக மதிப்பெண். குதிரைசக்திக்காகப் போட்ட விதி, எல்லாக் கட்டத்துக்கும் செல்லும். புதிய காருக்குப் பத்துக்குப் பத்து.

மச்சினன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, இது நிக்கிற தூரம். குறையக் குறையத்தான் நல்லது.”

“படிவத்துல அப்படிப் போடலையேப்பா.”

குழுத் தலைவர் குறுக்கிட்டார். “தம்பி, ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவர் ஓட்டறதுக்கு வாங்கறாரா, நிறுத்தறதுக்கு வாங்கறாரா?”

“யாராவது குறுக்க வந்தா நிறுத்தணுமே சார்.”

“குறுக்க வர்றவர் நம்ம வாடிக்கையாளர் இல்லையே.”

குழு மெய்சிலிர்த்தது. அந்த வாக்கியத்தை நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே ஏற்றினேன்.

அவன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். மறுநாள் பத்து மணிக்குள் போடாவிட்டால் வேலை போய்விடும் என்றார் தலைவர். வீட்டில் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

“அவனுக்குக் கைக்குழந்தை இருக்கு. அவனுக்காக நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?”

பேசினேன். அவனுக்கு போன் போட்டு, “பேசாம கையெழுத்தப் போட்டுடு” என்றேன்.

காலையில் சோதனைத் தடத்துக்கு வந்தான். வெள்ளைக் கோடு ஒன்றைக் காட்டினான்.

“கையெழுத்துப் போடறேன் சார். புதுக் கார்ல நூறுல வந்து இந்தக் கோட்டுல பிரேக் அடிக்கிறேன். இங்கேருந்து முப்பத்தஞ்சு மீட்டர்ல நீங்க அஞ்சு பேரும் நாற்காலி போட்டு உக்காருங்க. புதுசுதானே சிறந்தது?”

அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. ‘வெயிலை முன்னிட்டு’ நாற்காலிகளை அறுபதாவது மீட்டரில் போடுவதென ஒருமனதாகத் தீர்மானித்தோம். டேப் பிடித்து அளந்தவன் நான். அறுபது போதுமா என்று தலைவர் இரண்டு தடவை கேட்டார், எழுபதாக்கினேன்.

மச்சினன் சாவியை என் கையில் வைத்தான். “உங்களுக்கே தெரியுது மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவனுடைய பணிநீக்க உத்தரவை நானே தயாரித்தேன். காரணம்: ‘தயாரிப்பின் மீது நம்பிக்கையின்மை’. டெஸ்ட் டிரைவர் கையெழுத்திட வேண்டிய இடத்திலும் நானே கையெழுத்திட்டேன். ஒப்பீடு இனிதே நிறைவுற்றது.

புதிய கார் திங்கட்கிழமை முதல் சாலைக்கு வருகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒரு குறையும் கிடையாது. விஷயம் தெரிந்த நாங்கள் ஐந்து பேரும் எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டோம்.