ஒன்றரை நிமிட மிரர்

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்று வாசலில் நின்றபடியே கேட்டார் கல்லூரி முதல்வர்.

“ஒன்றரை நிமிஷம் மேடம்” என்றான் அவசரம்.

அவசரம் என்பது அந்தக் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். எந்தக் கடை வரிசையில் நின்றாலும் பக்கத்து வரிசை வேகமாக நகர்வதாகவே அவனுக்குத் தோன்றும். தாவுவான். தாவியதும் அந்த வரிசை நின்றுவிடும்.

அன்று இரண்டு மணிக்குத் தேர்வு. லேபில் இருபது கம்ப்யூட்டர்களிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் படுத்துவிட்டது. புதிதாக டவுன்லோடு செய்து போட வேண்டும். தேர்வு ஒழுங்காக நடந்தால் அவன் வேலை நிரந்தரம். கடிதம் மேடத்தின் டிராயரில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நிரந்தரமாகியே விட்டதாக மனைவி தன் அப்பாவிடம் போன வாரமே அளந்துவிட்டாள். மாமனாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலை.

இந்த மாதிரிக் கோப்புகளின் பிரதிகளை ஊர் ஊராக வைத்திருப்பார்கள்; மிரர் என்று பெயர். எது வேகம் என்று தன் மேஜைக் கம்ப்யூட்டரில் சோதித்தான். முதலிடத்தில் வந்தது ஒன்றரை நிமிடம் என்றது. பெயர் இல்லை, எண்களும் புள்ளிகளும், கீழே ஒரு போன் நம்பர். அடுத்த மிரர் இரண்டு மணி நேரம் கேட்டது.

வேறொருவனாக இருந்தால் முதலாவதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். நம் ஆளுக்கு ஒன்றரை நிமிடமும் உறுத்தியது. நெட்டை உறிஞ்சும் எல்லாவற்றையும் பிடுங்கினான். மேடத்தின் அறைக்குப் போகும் வயர், சுவர் கேமரா, மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய பெட்டி, எதையும் விடவில்லை.

“அதுங்க பாட்டுக்கு இருந்துச்சே சார்” என்றார் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா.

“இப்பப் பாருங்க அக்கா, பறக்கும்.”

தட்டினான். முதல் மிரர் மூச்சுவிடவில்லை. மேடம்தான் பறந்து வந்தார்.

“என் ரூம்ல நெட் போச்சு.”

“தற்காலிகமா நிறுத்தியிருக்கேன் மேடம்.”

“உங்க வேலையும் இன்னும் தற்காலிகம்தான், ஞாபகம் இருக்கட்டும்.”

வயரை மாட்டிக் கொடுத்துவிட்டு இரண்டாவது மிரருக்குப் போனான். பாதி வந்தபோது மூன்றாவது வேகமாகத் தெரிந்தது. தாவினான். அது கால்வாசியில் நின்றது. திரும்பி வந்தால் இரண்டாவது முதலிலிருந்து ஆரம்பித்தது. தன் செல்போன் நெட்டைக் கோர்த்துப் பார்த்தான். கோப்பு வரவில்லை, செல்லில் சார்ஜ்தான் போனது.

மணி ஒன்று. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் மேஜைமேல் இருந்த கல்லூரி போனை எடுத்தான். அவன் சேர்ந்த மூன்று மாதத்தில் அது ஒருமுறைகூட அடித்ததில்லை; அவனும் தொட்டதில்லை. முதல் மிரரின் நம்பரைச் சுழற்றினான். எங்கேஜ்டு. ஐந்து முறையும் எங்கேஜ்டு.

“எவனோ போனை வைக்காமப் பேசிட்டே இருக்கான் அக்கா. இங்க ஒருத்தன் பொழப்பு போகுது, அவனுக்கு அரட்டை. பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா?”

மூலையில் பழைய பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அதன் முதுகைக் குனிந்து பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் செல்லை எடுத்தார்.

அவசரம் ரிசீவரை டக்கென்று வைத்தான். வைத்ததும் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான்.

“ஹலோ, மிரர்காரங்களா? எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்! நல்லா ஓடிட்டிருந்த மிரரை எந்தப் புத்திசாலி நிறுத்தினது?”

குரல் ஒரு காதில் ரிசீவரிலிருந்தும் மறு காதில் மூலையிலிருந்தும் வந்தது.

“நீங்கதான் சார். பெட்டி முதுகுல ‘மிரர், நின்னுபோனா இந்த நம்பருக்குச் சொல்லவும்’னு ஒட்டியிருந்துச்சு, சொல்லிட்டேன், சொருகிடட்டுமா?”