நாற்பத்தொரு முறை சும்மா ஓடியவன்

பிராண்ட் கிரீக் பள்ளி, நெப்ராஸ்கா
ஞாயிறு மதியம்

மதிப்பிற்குரிய வெர்லின் மாமாவுக்கு, அக்கா மகன் ராஸ் மரியாதையுடன் எழுதுவது. சுகம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் தேவலை. எனக்கு ஒரு கேடும் இல்லை. அத்தை கொடுத்தனுப்பிய சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் தீர்ந்துவிட்டன, பாத்திரம் கழுவியாயிற்று. தோற்ற வாரக்கடைசியில் நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள் என்பது ஊருக்கே தெரியும், அதனால்தான் காகிதம்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் எறிந்த மூன்று பாஸ் எதிரணிக் கைக்குப் போனதற்காக நேற்று லீலண்டை வெளியே உட்காரவைத்துவிட்டீர்கள். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. வருகிற வெள்ளி நாக்-அவுட். தோற்றால் நமக்கு சீசன் முடிந்தது, பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிற அவனுக்கு ஆட்டமே முடிந்தது. அவனைத் திரும்பப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்காக இறக்குங்கள். காரணம் கீழே இருக்கிறது. கோபத்தைக் கடிதம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் மணிக்கட்டுப் பட்டையில் செருகுகிற அட்டையை வாராவாரம் நான்தானே அச்சடிக்கிறேன். கோச் நீங்கள் மைதான ஓரத்திலிருந்து நம்பரைக் கத்துகிறீர்கள், அவர்கள் கையைத் திருப்பி அந்த நம்பரில் யார் எங்கே ஓட வேண்டும் என்று பார்க்கிறார்கள். அச்சடிக்கிறவன் அச்சடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. நான் போகவில்லை, கணக்குப் போட்டேன். இருபத்தேழாம் நம்பரில் இடது ஓரத்து உர்பானெக் நேராக இருபது கெஜத்துக்கு மேல் ஓடுகிறான். இந்த சீசனில் நாற்பத்தொரு முறை ஓடியிருக்கிறான். அவனுக்குப் பந்து வந்தது எத்தனை முறை என்றால், பூஜ்யம். எங்கள் எத்தனால் ஆலையில் இப்படி ஒரு வால்வு இருந்திருந்தால் அன்றைக்கே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன். எனவே உர்பானெக்கின் கோட்டை ஆறு கெஜத்தில் வெட்டி, திரும்பி நிற்கிற மாதிரி வரைந்து அச்சடித்துவிட்டேன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "கோச்சுகிட்ட மூச்சு விடாதே, ஆச்சரியப்படட்டும்" என்றேன். "ஆறு கெஜத்துல நின்னா எனக்குப் பந்து வருமா?" என்று கேட்டான். "வராம எங்கடா போகும்" என்றேன். அவன் வெள்ளிக்கிழமைக்கு ஒமாஹாவிலிருந்து அத்தை, சித்தப்பா எல்லோரையும் வரவழைத்துவிட்டான். லீலண்டுக்கு இருபத்தேழு மனப்பாடம், அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சத்தை நீங்களே பார்த்தீர்கள். உர்பானெக் மறந்துவிட்டான் என்று நேற்று அவனைப் பத்துச் சுற்று ஓடவிட்டீர்கள். பாவி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடினானே தவிர என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இவ்வளவும் எனக்கு இன்று காலை வரை தப்பென்றே தெரியாது. சர்ச் முடிந்து, பள்ளியில் விட்டுப்போன பிரிண்டரை எடுக்க வந்தால், படம் போட்டுப் பார்க்கிற அறையில் லீலண்ட் தனியாக உட்கார்ந்து பழைய ஆட்டங்களை ஓட்டி ஓட்டி நிறுத்திக்கொண்டிருந்தான். பந்தைக் கையில் வாங்கிய நொடியில் படத்தை நிறுத்தி, "அண்ணா, நான் இங்க யாரைப் பார்க்கிறேன் சொல்லுங்க" என்றான்.

"பந்து பிடிக்கப் போறவனை."

"நம்ம ஆளு ஒருத்தனையும் பார்க்கலை. அந்தா, கடைசியில நிக்கிற சேஃப்டி, பன்னிரண்டாம் நம்பர் சட்டை. அவனை மட்டும்தான் பார்க்கிறேன்."

"அவன் எதிராளிடா."

"அவன்தானே எங்க எறியணும்னு எனக்குச் சொல்றான். பாருங்க, உர்பானெக் அவனைத் தாண்டி ஓடப் பார்க்கிறான். விட்டா டச் டவுன். அதனால பன்னிரண்டு பின்னாடியே ஓடுறான். அவன் காலி பண்ணின இடத்துக்குத்தான் வலதுபக்கத்து ஆளு குறுக்கே வர்றான். ஓடாம நின்னான்னா உர்பானெக்குக்குத் தூக்கிப் போடுவேன். எந்தப் பக்கம் போனாலும் அவன் தப்பு."

மறுபடி ஓட்டச் சொன்னேன். பந்து கையை விட்டுப் போகிறபோது குறுக்கே வருகிறவன் இன்னும் திரும்பவே இல்லை, முதுகுதான் தெரிகிறது. யாருமே இல்லாத புல்லுக்கு எறிகிறான். பந்து இறங்குகிற இடத்தில் ஒருவன் முளைக்கிறான். நேரம் பார்த்தேன், இரண்டரை நொடி. அதற்குள் இருநூற்றைம்பது பவுண்டு எடையில் நாலு பேர் இவனைத் தரையோடு தேய்க்க ஓடி வருகிறார்கள், இவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. ஐந்து வருஷமாக ஆலையில் தானியங்கிக் கட்டுப்பாடு எழுதுகிறேன். என் எந்திரத்துக்குத் தன் வால்வு திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆறு சென்சார் வேண்டும். இந்தப் பதினேழு வயதுப் பையனுக்கு எதிராளி இடுப்பைத் திருப்பினால் போதும். அந்தப் பூஜ்யம் இருக்கிறதே மாமா, அது வீண் இல்லை. நாற்பத்தொரு தடவையும் சுற்றுவட்டாரத்து சேஃப்டி ஒவ்வொருத்தனும் பயந்து பின்னால் ஓடியிருக்கிறான் என்று அர்த்தம். பந்தைத் தொடாமலே ஒருத்தன் ஒரு இடத்தைத் திறந்துவிடுகிறான். வெள்ளிக்கிழமை அவன் ஆறு கெஜத்தில் நின்றுவிட்டதால் சேஃப்டி இடத்தை விட்டு நகரவே இல்லை, பந்து நேராக அவன் கைக்குப் போய்விட்டது. இதை ஒரு காகிதத்தில் ஐந்து கோடாக நீங்கள் வரைந்திருக்கிறீர்கள். இருபது வருஷமாக உங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், உங்களை வெறுமனே சத்தம் போடுகிற ஆள் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கோட்டை வெட்டியது நான்தான் என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பர்கர் வாங்கப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் முடிக்கிறேன். மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு. அட்டை அடிக்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். உர்பானெக்கிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன். அத்தைக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்தம் அளவோடு இருக்கக் கடவுள் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்
ராஸ் போகர்னி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் லீலண்ட் வந்துவிட்டான். பர்கரைத் தின்றுகொண்டே நின்று முழுவதையும் படித்தான். "அப்ப உர்பானெக் மறக்கலையா?" என்றான். பிறகு, "இதைக் கோச்சுகிட்ட கொடுக்காதீங்கண்ணா" என்றான்.

"ஏன்டா?"

"முதல் பந்து உங்களோடது. மத்த ரெண்டும் என்னோடது. சேஃப்டி பின்னாடி ஓடாம நிக்கிறதைப் பார்த்தேன். பக்கத்துல ஓடுறவனுக்குச் சின்னதா தட்டிவிட்டிருக்கலாம். இருக்கட்டும் பார்த்துக்கலாம்னு எறிஞ்சேன். நான் தெரியாம பண்ணினேன்னு அவர் நினைச்சிட்டிருக்கார். தெரிஞ்சே பண்ணினேன்னு நீங்க ஏன் அவரை மறுபடி படம் போட்டுப் பார்க்க வைக்கிறீங்க?"

முழுக் கடிதத்தையும் திருத்தி எழுத எனக்குப் பொறுமை இல்லை, அதனால் இதையும் சேர்த்தே அனுப்புகிறேன். மூன்றில் ஒன்று நான், இரண்டு அவன். ஆனாலும் அவனையே இறக்குங்கள். அவனுக்குப் பதிலாக நீங்கள் பிடித்து வைத்திருக்கிற பத்தாம் வகுப்புப் பையனிடம் நாளைக்குக் கேட்டுப் பாருங்கள், அந்த மூன்று தடவையும் சேஃப்டி எங்கே நின்றான் என்று. "எந்த சேஃப்டி?" என்பான்.